உள்ளுறை வெப்பம்: அரபிக்கடலுக்கும் சஹ்யாத்ரிக்கும் இடையே

மும்பையின் வடமேற்கு விளிம்பிலுள்ள மார்வே கடற்கரையிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு நேர்கோடு இழுத்தால், அது சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் குன்றுகளையும் தாணே நகரையும் பார்சிக் மலைத்தொடரையும் கடந்து, ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் டோம்பிவிலியை அடைகிறது; அதே கோட்டை மேலும் நீட்டினால் அடுத்த 50 கிலோமீட்டருக்குள் நிலம் செங்குத்தாக எழுந்து சஹ்யாத்ரி, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதி, வந்துவிடுகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆயிரம் மீட்டர் அளவுக்கு உயரும் எரிமலைப் பாறைச் சுவர், நடுவே உல்லாஸ் நதி ஓடும் தாழ்நிலம் என்னும் இந்த அமைப்பு, வெயில் எப்படிக் காற்றாகிறது, காற்று எப்படி மழையாகிறது, அந்த மழை பெய்யும்போதே எப்படி மீண்டும் வெப்பத்தை வெளியிடுகிறது என்பதையெல்லாம் குறுகிய பரப்பில் காட்டிவிடுகிறது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழ்ந்து, வீட்டு விலையும் இடவசதியும் கருதி மத்திய ரயில்வேத் தடத்தில் வடகிழக்காக நகர்ந்து டோம்பிவிலியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் முகவரியோடு வானிலையையும் சேர்த்தே மாற்றிக்கொண்டன. கடற்காற்று சீக்கிரம் வந்து தொடும் கரையை விட்டு, அது தாமதித்தும் வலுவிழந்தும் வந்து சேரும் உள்நிலத்துக்கு அவை வந்தன. அந்தத் தாமதத்தின் காரணத்தைத் தேடிப் போனால் வளிமண்டல அறிவியலின் அடிப்படைகள் பெரும்பாலானவற்றைத் தொட்டுவிடலாம்.

கணக்கைச் சூரியனிலிருந்து தொடங்க வேண்டும். வளிமண்டலத்தின் உச்சியில் சூரியனை நேராக நோக்கியிருக்கும் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பிலும் நொடிக்கு ஏறத்தாழ 1361 ஜூல் ஆற்றல் விழுகிறது. நொடிக்கு ஒரு ஜூல் என்பதே ஒரு வாட் ஆகையால் இதை 1361 வாட் எனலாம். பூமி உருண்டையாக இருப்பதாலும் அதில் பாதி எப்போதும் இருளில் இருப்பதாலும் பகல் இரவு அனைத்தையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் சதுர மீட்டருக்கு 340 வாட்தான் கிடைக்கிறது. அதிலும் 30 விழுக்காட்டை மேகங்களும் பனியும் மணலும் திருப்பி வானுக்கே அனுப்பிவிடுகின்றன. எஞ்சும் 240 வாட்டில் மூன்றில் இரண்டு பங்கைத் தரையும் கடலும் உறிஞ்சுகின்றன, காற்று நேரடியாக உறிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கே. சூரிய ஒளியின் பெரும்பகுதி காற்றை ஊடுருவிச் சென்று தரையைத்தான் சுட வைக்கிறது என்பதும், காற்று பெரும்பாலும் கீழிருந்தே சூடேறுகிறது என்பதும் இந்த அத்தியாயம் முழுவதற்கும் அடித்தளமான உண்மை. மேலே செல்லச் செல்ல, சூரியனை நெருங்கினாலும், குளிர் கூடுவது இதனால்தான்.

இந்தியத் தரையில் விழும் இந்த ஆற்றலை முறையாக அளந்து வைத்த பெருமை, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று சர் சி. வி. இராமனிடம் ஆய்வு செய்த அன்னா மணிக்கு உரியது. 1948-இல் இந்திய வானிலைத் துறையின் புனே அலுவலகத்தில் சேர்ந்த அவர், கதிர்வீச்சை அளக்கும் கருவிகளை உள்நாட்டிலேயே உருவாக்க வழிசெய்து, 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி நாடெங்கும் அளவீட்டு நிலையங்களை அமைத்தார். பிற்காலத்தில் காற்றாற்றலுக்கான அளவீடுகளையும் முன்னின்று நடத்தினார். சூரிய மின்தகடு எங்கே பொருத்தலாம், காற்றாலை எங்கே நிறுத்தலாம் என்ற கேள்விகளுக்கு இன்று விடை சொல்ல முடிகிறதென்றால், அதற்கு அந்தப் பொறுமையான அளவீடுகளே முன்னோடி. அத்தகைய அளவீடுகளின்படி மும்பை வட்டாரத்தில் ஆண்டுச் சராசரியாக ஒரு சதுர மீட்டர் கிடைத்தளப் பரப்பு ஒரு நாளில் பெறுவது 5 முதல் 6 யூனிட் வரை, அதாவது மின்கட்டணச் சீட்டில் காணும் அதே கிலோவாட்-மணி. இந்த எண் பின்னர் மீண்டும் தேவைப்படும்.

தரை பெற்ற வெப்பம் நான்கு வழிகளில் மேலே செல்கிறது. தரையைத் தொடும் காற்றுப் படலத்துக்கு நேரடியாகக் கடத்தப்படுவது ஒன்று. அப்படிச் சூடான காற்று விரிந்து, எடை குறைந்து மேலெழுவதால் நிகழும் வெப்பச்சலனம் இரண்டாவது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாகத் தரை வெளியிடுவது மூன்றாவது. நீர் ஆவியாகும்போது அந்த ஆவியோடு சேர்ந்து செல்வது நான்காவது. இவற்றில் முதல் மூன்றையும் பள்ளிப் பாடம் நன்றாகவே விளக்குகிறது. நான்காவதுதான் வளிமண்டலத்தை இயக்குவதில் மிகப் பெரிய பங்கு வகிப்பது, ஆனால் வெப்பமானியில் தென்படாததால் பொதுப் பேச்சில் மிகக் குறைவாகவே இடம்பெறுவது. அதற்குச் செல்லுமுன், கடற்காற்றை, அதாவது பெரும்பாலும் வெப்பமானியில் தென்படும் உணரக்கூடிய வெப்பத்தாலேயே இயங்கும் எளிய இயந்திரத்தை, பார்த்துவிடுவது நல்லது.

ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4200 ஜூல் வேண்டும். அதே எடை உலர்ந்த மண்ணுக்கு 800 ஜூல் அளவே போதும். பொருள் ஒவ்வொன்றுக்கும் இப்படி அமைந்த அளவையே அதன் தன்வெப்ப ஏற்புத்திறன் என்கிறார்கள். கடலும் நிலமும் வேறுபடுவதற்கு இது மட்டும் காரணமன்று: நிலத்தில் வெயில் மேற்பரப்பிலேயே நின்றுவிட, கடலில் அது பல மீட்டர் ஆழம் வரை ஊடுருவுகிறது, அலைகள் மேல்நீரையும் கீழ்நீரையும் கலந்துகொண்டே இருக்கின்றன, கடல் பெறும் ஆற்றலில் பெரும்பங்கு ஆவியாதலுக்கே செலவாகிறது. ஆகவே மும்பையை ஒட்டிய அரபிக்கடலின் மேற்பரப்பு பிப்ரவரியில் 25 டிகிரி செல்சியஸ் அருகிலும் மே மாதத்தில் 30 டிகிரி அருகிலும் நிற்க, தாராவியின் தகரக் கூரைகளும் கிழக்கு விரைவு நெடுஞ்சாலையின் தாரும் ஒரே நாளின் காலைக்கும் பிற்பகலுக்கும் இடையே அதைவிடப் பல மடங்கு ஏறி இறங்குகின்றன.

முற்பகலில் நிலத்தின் மேலுள்ள காற்று சூடேறி விரியும்போது, உயரத்தில் நிலத்தின் மேல் அழுத்தம் சற்றுக் கூடி, அங்குள்ள காற்று கடல் பக்கம் நகர்கிறது. அப்படி நகர்ந்த காற்றின் அளவுக்கு நிலத்தின் மேலுள்ள காற்றுத் தூணின் எடை குறைகிறது. எடை குறைந்தால் தரைமட்டத்தில் அழுத்தம் குறையும், கடல்மேல் கூடும். உடனே கடல்பக்கக் குளிர்காற்று கீழ்மட்டத்தில் நிலத்தை நோக்கிப் பாய்கிறது. சூடான காற்று மேலெழும்புவதால் உண்டாகும் வெற்றிடத்தை நிரப்பக் காற்று வருகிறது என்று சொல்லப்படும் வழக்கமான விளக்கம் முழுமையானதன்று. எங்கும் வெற்றிடம் உண்டாவதில்லை, உண்டாவது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவான அழுத்த வேறுபாடே. அவ்வளவு சிறிய வேறுபாடு, சில நூறு மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் வரை தடிமனுள்ள காற்றுப் படலத்தை மணிக்கு 10 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில் நகர்த்தப் போதுமானதாக இருக்கிறது. பூமியின் சுழற்சியால் வடகோளத்தில் நகரும் காற்று தன் வலப்பக்கம் திரும்புவதால், மேற்கிலிருந்து தொடங்கும் மும்பையின் கடற்காற்று மாலை நெருங்க நெருங்க வடமேற்கிலிருந்து வீசத் தொடங்குகிறது. இவ்வாறு திருப்பும் விளைவுக்குக் கொரியோலிஸ் விளைவு என்று பெயர்.

உள்ளே நுழையும் கடற்காற்றுக்கு ஒரு முனை உண்டு. அந்த முனைக்கு முன்னால் இருப்பது வெந்த நிலக்காற்று, பின்னால் வருவது சில டிகிரி குளிர்ந்த, ஈரமான காற்று. முனை கரையிலிருந்து கிழக்கே நகர நகரச் சூடான தரையைத் தொட்டுத் தன் குளிர்ச்சியை இழந்துகொண்டே வருகிறது. போரிவிலிக் குன்றுகளும், தாணேயைத் தாண்டிக் கல்வாவுக்கும் மும்ப்ராவுக்கும் பக்கத்தில் எழும் பார்சிக் மலையும் அதன் ஆழமற்ற படலத்துக்குத் தடைகளாகின்றன. ரயில்பாதை 1916-இல் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான சுரங்கம் குடைந்து கடந்த அந்தப் பார்சிக் மலையைக் காற்று ஏறியோ தாணே உப்பங்கழியின் வாய்வழி சுற்றியோதான் கடக்க வேண்டும். மாட்டுங்காவில் நண்பகலுக்கு முன்பே காற்று திரும்பிவிட்ட நாளிலும் டோம்பிவிலி பிற்பகல் வரை வெந்துகொண்டிருப்பதற்கு இந்தத் தொலைவும் இந்த மலையுமே காரணம்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்த ஏற்பாடு சில நாட்கள் முற்றிலும் தோற்றுப்போகிறது. தக்காணப் பீடபூமியிலிருந்து கிழக்குக் காற்று வலுவாக வீசும்போது அது சஹ்யாத்ரியின் விளிம்பிலிருந்து கொங்கணத் தாழ்நிலத்துக்கு இறங்குகிறது. இறங்கும் காற்று கூடுதலான அழுத்தத்துக்குள் வருவதால் அமுக்கப்படுகிறது. அமுக்கப்படும் வாயு, வெளியிலிருந்து வெப்பம் எதுவும் பெறாமலேயே சூடேறும். உலர்ந்த காற்றுக்கு இந்த ஏற்றம் ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 10 டிகிரி. எனவே 600 மீட்டர் உயரத்தில் 35 டிகிரியில் இருந்த காற்று, டோம்பிவிலித் தரையைத் தொடும்போது 41 டிகிரியை நெருங்கிவிடுகிறது. அதே கிழக்குக் காற்று கடற்காற்றையும் கரைக்கு அப்பால் பிடித்து நிறுத்திவிடுவதால், இரண்டு விளைவுகளும் ஒன்றோடொன்று கூடுகின்றன. மும்பையின் சாந்தாகுருஸ் நிலையத்தில் 1956 மார்ச் 28 அன்று பதிவான 41.7 டிகிரியும், 1952 ஏப்ரல் 14 அன்று பதிவான 42.2 டிகிரியும் சூரியன் நேர் உச்சிக்கு வரும் மே மாதத்தில் வராமல் அதற்கு முன்பே வந்ததற்கு விளக்கம் இதுவே. மும்பையின் உச்ச வெப்பத்தை முடிவு செய்வதில் வெயிலின் கடுமையைவிடக் காற்றின் திசைக்கே பங்கு அதிகம்.

இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்வதால் சுழற்சி தலைகீழாகி, நிலக்காற்று கடலை நோக்கி மெல்ல நகர்கிறது. குளிர்கால இரவுகளில் தரையையொட்டிய காற்று அதற்கு மேலுள்ள காற்றைவிடக் குளிர்ந்து கனத்துக் கிடக்கும். வெப்பநிலை தலைகீழாதல் எனப்படும் இந்த நிலையில் வெப்பச்சலனம் நின்றுபோவதால் வாகனப் புகையும், டோம்பிவிலி எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையின் இரசாயன ஆலைகள் வெளியிடும் வாயுக்களும் மேலே கலந்து கரைய வழியின்றித் தரைமட்டத்திலேயே தங்குகின்றன. டிசம்பர், ஜனவரி அதிகாலைகளில் அப்பகுதி மக்கள் முறையிடும் நெடிக்கு ஆலைகள் பொறுப்பு என்றால், அந்த நெடி காலை ஒன்பது மணிவரை கலையாமல் நிற்பதற்கு இந்தத் தலைகீழ் வெப்பநிலை பொறுப்பு. தொழிற்பேட்டை ஒன்றுக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது பகல்காற்றை மட்டும் பார்த்து இரவுக்காற்றைப் பாராமல் விடுவது பெரும் பிழை.

இனி ஆவியைக் கவனிக்கலாம். ஒரு கிலோகிராம் நீரை, அதன் வெப்பநிலையைச் சிறிதும் உயர்த்தாமல், திரவ நிலையிலிருந்து ஆவி நிலைக்கு மாற்ற மட்டும் ஏறத்தாழ 25 லட்சம் ஜூல் தேவைப்படுகிறது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியை விடுவிப்பதற்கே இவ்வளவும் செலவாகிறது, வெப்பமானி அசைவதில்லை. அந்த ஆவி மீண்டும் நீராகும் இடத்தில், அது எத்தனை நாள் கழித்து, எத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நேர்ந்தாலும், அதே 25 லட்சம் ஜூலும் குறையாமல் திரும்ப வெளிப்படும். இதற்கே உள்ளுறை வெப்பம் என்று பெயர். கொதிக்கும் நீர் பட்ட கையைவிட இட்லிக் கொப்பரையின் ஆவி பட்ட கை அதிகம் வெந்துபோவது இதனால்தான்: ஆவி தோலின்மேல் நீராகும்போது தான் சுமந்துவந்த வெப்பம் முழுவதையும் அங்கேயே இறக்கிவிடுகிறது.

ஒரு கிலோகிராம் காற்றை எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் இதன் அளவு விளங்கும். அந்தக் காற்று நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் அதன் இயக்க ஆற்றல் 50 ஜூல் மட்டுமே. அதன் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த வேண்டுமானால் 1000 ஜூல் வேண்டும். ஜூலை மாத மும்பைக் காற்றில் ஒரு கிலோகிராமுக்கு 20 கிராம் அளவில் நீராவி இருக்கும். அந்த 20 கிராமுக்குள் உறைந்திருக்கும் வெப்பம் 50,000 ஜூல். வீசும் காற்று என்று கண்ணும் தோலும் உணரும் ஆற்றலைப் போல ஆயிரம் மடங்கு ஆற்றல், எந்தப் புலனுக்கும் எட்டாமல் அதே காற்றில் பயணம் செய்கிறது. அது முழுவதும் ஒரே சமயத்தில் வெளிப்பட்டால் அந்தக் காற்றை 50 டிகிரி சூடாக்கிவிடும். வளிமண்டலம் உறிஞ்சும் மொத்த வெப்பத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே காற்றோட்டமாக மாறுகிறது என்ற செய்தியையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், புயலும் சூறைக்காற்றும்கூட இந்தப் பெரிய வெப்பப் பரிமாற்றத்தின் சிறு மிச்சமே என்பது தெரியும்.

இந்த உள்ளுறை வெப்பமே மனித உடலையும் காக்கிறது. ஓய்வாக இருக்கும் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. சுற்றுப்புறம் உடலைவிடச் சூடாக இருக்கும்போது இதை வெளியேற்ற வியர்வை ஆவியாவதைத் தவிர வேறு வழியில்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை வழியும், ஆனால் ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை வெப்பத்தை எடுத்துச் செல்வதில்லை. இதை அளக்க, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை பயன்படுகிறது. 40 டிகிரியும் 20 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் உள்ள உலர்ந்த நாளில் இது 23 டிகிரி அளவே இருக்க, 34 டிகிரியும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள கடலோர நாளில் 29 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. இரண்டாவது நாள்தான் உடலுக்கு ஆபத்தானது, செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வருவதோ முதலாவது நாள். ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியை எட்டினால் எந்த மனித உடலும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்பது நெடுநாள் கருத்து. 2022-இல் வெளியான பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகச் சோதனைகள், உடல்நலமுள்ள இளைஞர்களுக்கே அந்த எல்லை அதைவிடப் பல டிகிரி கீழே இருப்பதைக் காட்டின. 2023 ஏப்ரல் 16 அன்று, டோம்பிவிலிக்குத் தெற்கே நவி மும்பையின் கார்கரில், அரசு விருது விழாவுக்காகப் பெருந்திரளான மக்கள் திறந்தவெளியில் பல மணி நேரம் அமர்ந்திருந்தபோது வெப்பநிலை 40 டிகிரியைத் தொடவில்லை. ஆயினும் வெப்பவாதத்தால் 14 பேர் உயிரிழந்தனர். மேடைக்கு மேல் இருந்த நிழல் மக்களுக்கு மேல் இல்லை என்பதும், கடலோர ஈரத்தில் வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதும் அந்த மரணங்களோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்ட உண்மைகள்.

பருவமழைக்கு வந்தால் இந்த வெப்பத்தின் முழு வலிமையையும் காணலாம். 1686-இல் எட்மண்ட் ஹாலி, வால்மீனின் பெயரால் அறியப்படும் அதே வானியலாளர், கடல் பயணிகளின் குறிப்புகளைத் திரட்டி வெப்பமண்டலக் காற்றுகளின் வரைபடத்தை வெளியிட்டு, நிலம் கடலைவிடச் சூடேறுவதே பருவக்காற்றுக்குக் காரணம் என்று விளக்கினார். பருவக்காற்று என்பது பெரிதாக்கப்பட்ட கடற்காற்று என்னும் இந்தக் கருத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பாடநூல்களில் நிலைத்திருக்கிறது. எனினும் இதில் ஓர் இடறல் உண்டு. இந்திய வானிலைத் துறையில் பணியாற்றிய ஜார்ஜ் சிம்ப்சன் 1921-இலேயே அதைச் சுட்டிக்காட்டினார்: நிலம் மிகக் கடுமையாகச் சூடாக இருப்பது மே மாதத்தில், மழை மிகக் கடுமையாகப் பெய்வது ஜூலையில், மேலும், மழை பொய்த்த ஆண்டுகளில்தான் நிலம் கூடுதலாகச் சூடாக இருக்கிறது. வெப்ப வேறுபாடே எல்லாவற்றுக்கும் காரணமானால் இவை இரண்டும் தலைகீழாக இருந்திருக்க வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சுலோச்சனா காட்கில் இந்தக் கேள்வியைத் தொடர்ந்து எழுப்பி, நிலநடுக்கோட்டையொட்டி உலகைச் சுற்றிக் கிடக்கும் மழைமேகப் பட்டை கோடையில் வடக்கே நகர்ந்து இந்திய நிலப்பரப்பின்மேல் நிலைகொள்வதே பருவமழை என்ற விளக்கத்தை வலுவாக நிறுவினார். அந்தப் பட்டையை நிலைக்கச் செய்வது மேகத்துக்குள் வெளிப்படும் உள்ளுறை வெப்பம்: நீராவி நீராகும்போது மேகக் காற்று சூடேறி மேலும் எழுகிறது, எழுவதால் கீழே மேலும் ஈரக்காற்று இழுக்கப்படுகிறது, அது மேலும் மழையாகிறது. நிலத்தின் கோடை வெப்பம் கதவைத் திறக்கிறது என்பதில் ஐயமில்லை. உள்ளே வந்தபின் பருவமழையை நடத்துவது ஆவியே. பாடநூல்கள் இன்னும் ஹாலியோடு நின்றுவிடுவது வருத்தத்துக்குரியது.

இந்த ஆவி திரளும் வழியும் நன்கு ஆராயப்பட்டுள்ளது. 1966-இல் பி. வி. ஜோசஃப், பி. எல். ராமன் ஆகிய இந்திய வானிலை அறிஞர்கள் ஜூலை மாதத்தில் தீபகற்பத்தின்மேல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் விரைவான மேற்குக் காற்றோடை பாய்வதைக் கண்டறிந்தார்கள். 1969-இல் வானிலை அறிஞர் ஃபின்ட்லேட்டர் அதன் தொடக்கத்தைப் பின்தொடர்ந்து, அது தென்கோளத்திலிருந்து நிலநடுக்கோட்டைக் கடந்து கென்ய, சோமாலியக் கரைகளையொட்டித் திரும்பி அரபிக்கடலைக் கடந்து வருவதைக் காட்டினார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடல்மேல், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் வெயில் ஆவியாக்கித் தந்த சில மில்லிமீட்டர் நீரைச் சேகரித்துக்கொண்டே வரும் அந்தக் காற்று கொங்கணக் கரையைத் தாண்டியதும் சஹ்யாத்ரிச் சுவரை எதிர்கொள்கிறது. ஏறும் காற்று விரிந்து குளிர்கிறது. குளிர்ந்தால் ஆவி நீராகிறது. மும்பையில் ஆண்டுக்கு 2200 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மலைமுகப்பிலுள்ள மாத்தேரானில் 5000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. மலையைக் கடந்து மறுபுறம் இறங்கிய காற்றைப் பெறும் புனேயில் 700 மில்லிமீட்டர் அளவே.

2005 ஜூலை 26-ஐ மும்பையில் வாழ்ந்த எவரும் மறக்கவில்லை. 27 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் சாந்தாகுருஸ் நிலையம் 944 மில்லிமீட்டர் மழையைப் பதிவு செய்தபோது, அதே நகரின் தென்கோடியில், 1841 முதல் தொடர்ச்சியான அளவீடுகளை வைத்திருக்கும் கொலாபா நிலையம் பதிவு செய்தது 74 மில்லிமீட்டருக்கும் குறைவு. வெள்ளத்தின் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. ஆற்றலின் கதை அவ்வளவாகச் சொல்லப்படவில்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 944 மில்லிமீட்டர் மழை என்பது 944 கிலோகிராம் நீர். அவ்வளவு நீராவி நீராக மாறும்போது மேலே வெளிப்பட்ட உள்ளுறை வெப்பம் 236 கோடி ஜூல், அதாவது ஏறத்தாழ 655 யூனிட். முன்பு குறிப்பிட்ட எண்ணை இங்கே நினைவுகூரலாம்: அதே சதுர மீட்டர் ஒரு நாளில் சூரியனிடமிருந்து பெறுவது 5 அல்லது 6 யூனிட். நூறு நாளுக்கும் மேலான வெயில், சாந்தாகுருஸின் வானத்தில் ஒரே நாளில் வெப்பமாக வெளிப்பட்டது. அந்த வெப்பம் அங்கே விழுந்த வெயிலன்று. பரந்த அரபிக்கடலின் மேல் பல நாட்களாக விழுந்து, ஆவியில் ஒளிந்து, காற்றில் பயணித்து, சில கிலோமீட்டர் அகலமான மேகத் திரளுக்குள் ஒருங்கே விடுவிக்கப்பட்ட வெயில். அன்று உல்லாஸ் நதியும் பெருகிப் பத்லாபூர், கல்யாண் பகுதிகளை மூழ்கடித்தது. 2019 ஜூலை 27 அன்று அதே நதியின் வெள்ளத்தில் பத்லாபூருக்கும் வாங்கனிக்கும் இடையே மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் சிக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைப் படகிலும் பிற வழிகளிலும் மீட்க வேண்டியிருந்தது.

மலைமேல் விழுந்த நீரிலிருந்து மனிதர் எடுத்துக்கொள்ளும் ஆற்றல் இதோடு ஒப்பிட மிகச் சிறிது. லோணாவளாவைச் சுற்றியுள்ள ஏரிகளில் பருவமழையைத் தேக்கி, ஏறத்தாழ 500 மீட்டர் கீழேயுள்ள கோபோலிக்குக் குழாய்வழி இறக்கி மின்சாரம் எடுக்கும் டாட்டா நிறுவனத்தின் நிலையம் 1915-இல் இயங்கத் தொடங்கி, பம்பாயின் நூற்பாலைகளை ஓட்டியது. ஒரு கிலோகிராம் நீர் அந்த 500 மீட்டரில் இறங்கும்போது தருவது சுமார் 5000 ஜூல். அதே நீர் ஆவியிலிருந்து துளியானபோது வானில் விட்டது 25 லட்சம் ஜூல், ஐந்நூறு மடங்கு.

இதே மேற்குக் காற்று தெற்கே தமிழ்நாட்டின் எல்லையில் வேறு முகம் காட்டுகிறது. கேரளப் பக்கத்தில் தன் ஈரத்தைப் பெரும்பாலும் இறக்கிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் சாரலை மட்டும் கொண்டுவரும் அது, ஆரல்வாய்மொழிக் கணவாயின் குறுகிய வாயில் நெருக்கப்பட்டு வேகம் கூடிச் சமவெளியில் பாய்கிறது. காற்றாலையின் இறக்கையைக் கடக்கும் ஆற்றல் காற்று வேகத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடும்: நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் வழியாக 75 வாட் சென்றால், 10 மீட்டர் வேகத்தில் 600 வாட் செல்லும். இரு மடங்கு வேகத்துக்கு எட்டு மடங்கு ஆற்றல் என்னும் இந்த விதியே, கணவாயின் வாயிலில் முப்பந்தல் இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்றாக வளர்ந்ததற்குக் காரணம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த குடும்பங்கள் ஊரில் ஆடி மாதக் காற்றாகவும் சாரலாகவும் அறிந்திருந்ததும், மும்பையில் அடைமழையாகச் சந்தித்ததும் ஒரே காற்றோட்டத்தின் இரு கிளைகள்.

வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் காற்று தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. அரபிக்கடல் சூடேறிவருவதால் அதன்மேல் வரும் காற்று சுமக்கும் உள்ளுறை வெப்பமும் கூடுகிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ரோக்சி மேத்யூ கோல் தலைமையிலான குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வு, 1950-க்கும் 2015-க்கும் இடையில் மத்திய இந்தியாவில் பரவலான மிகக் கனமழை நிகழ்வுகள் மூன்று மடங்காகியிருப்பதையும், அதற்கான ஈரத்தை வழங்குவதில் அரபிக்கடலுக்கு முக்கியப் பங்கு இருப்பதையும் காட்டியது. கோடையில் உடலைக் குளிரவிடாமல் தடுப்பதும், ஜூலையில் உல்லாஸ் நதியைக் கரை மீறச் செய்வதும் கூடிவரும் அதே ஆவிதான். ஆகவே உல்லாஸ் நதியின் வெள்ளச் சமவெளியிலும் தாணே உப்பங்கழியின் சதுப்புநிலக் காடுகளிலும் மண் கொட்டிக் கட்டடம் எழுப்புவதை நிறுத்த வேண்டும். வெப்ப எச்சரிக்கைகள் வெப்பநிலையை மட்டும் சொல்லாமல் ஈரக்குமிழ் வெப்பநிலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை, வானிலைச் செய்தியைப் பார்க்கும் வாசகர் டிகிரிக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் வரும் ஈரப்பத விழுக்காட்டையும் தவறாமல் படித்துவிட்டு வெயிலில் இறங்குவது நல்லது.